விட்டுக்கொடுக்கும் பொத்தான்

பரஸ்தூ "வேண்டாம்" என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதையும் முறைப்படி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, கையை நெஞ்சில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்துச் சொன்னாள்.

"ஐயோ டாக்டர், ஃபர்ஷித் இருக்கும்போது நானா? அவருக்குத்தான் அந்தத் தகுதி."

ஈரானின் யஸ்த் ஊரில் பிறந்த எவருக்கும் இதன் அர்த்தம் தெரியும்: இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்டால் "எனக்கு அவ்வளவு அனுபவம் எங்கே" என்று இழுப்பாள். மூன்றாவது தடவை கேட்டால் "நீங்களே இவ்வளவு தூரம் சொல்லும்போது மறுக்க முடியுமா" என்று ஒப்புக்கொள்வாள். இதற்குத் தாரோஃப் என்று பெயர். மரியாதை என்றும் சொல்லலாம், நாடகம் என்றும் சொல்லலாம். அது இல்லாமல் எங்கள் ஊரில் எவரும் ஒரு வாசலைத் தாண்டியதில்லை, ஒரு தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்ததில்லை.

ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் டாக்டர் அர்தகானியும் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் நெடுநாள் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். திரும்பி வரும்போது மறந்து வைத்துவிட்டு வந்த சாமான்களில் இந்த இரண்டாவது கேள்வியும் ஒன்று.

"அப்படியா, சரி" என்றார். கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார்.

அப்படித்தான் போயிற்று அந்தப் பதவி. யஸ்த் ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் இணைய வகுப்புகளுக்கு உலகமெல்லாம் இலவசமாகப் புழங்கும் ஒரு கற்றல் தளம் இருந்தது. அதில் இல்லாத வசதிகளைத் தனியாக எழுதி ஒட்டவைப்பதுதான் பரஸ்தூவுக்கும் ஃபர்ஷித்துக்கும் வேலை. அந்தத் துண்டுகளுக்குப் பிளகின் என்று பெயர். யாரோ கேட்பார்கள், இவர்கள் இருவரும் எழுதுவார்கள். இப்போது அதற்கென்று தனிப் பிரிவு ஒன்று வரப்போகிறது. அதற்குத் தலைவர் யாரோ, அவர்தான் எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்று முடிவு செய்வார். ஆறு வருடமாக அடுத்தவர்கள் கேட்ட பொத்தானை அடுத்தவர்கள் சொன்ன நிறத்தில் செய்துகொடுத்த பரஸ்தூவுக்கு அந்த நாற்காலி மேல் கொள்ளை ஆசை. தூக்கத்தில்கூட அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் நேராகப் போய் ஃபர்ஷித்தைக் கேட்டார். அவனும் இந்த ஊரில் வளர்ந்தவன்தானே. "பரஸ்தூ ஹானும் இருக்கும்போது நானா?" என்றான். ஹானும் என்றால் அம்மணி. அதற்கும் டாக்டர் "சரி" என்றார். நாற்காலி காலியாகவே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் நோபத் வந்தது.

நோபத் என்றால் உங்கள் முறை என்று அர்த்தம். இணைய வகுப்பில் ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்து நிமிடம் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரிய மனஸ்தாபம். அவரை விட்டுவிட்டு என்னை ஏன் முதலில் கூப்பிட்டீர்கள் என்று மூத்தவர்களும் கோபித்துக்கொள்வார்கள், இளையவர்களும் கோபித்துக்கொள்வார்கள். அதனால் யார் பேசுவது என்பதை இயந்திரமே சீட்டுக் குலுக்கட்டும் என்றார் டாக்டர். பரஸ்தூ எழுதினாள், ஃபர்ஷித் சோதித்தான். பெயர் விழுந்தவரின் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று, "பேசுகிறேன்". மற்றொன்று, "விட்டுக்கொடுக்கிறேன்". அதை அழுத்தினால் யாருக்கு என்று கேட்கும். மின்சாரம் போய்விட்டால், குழந்தை அழுதால், அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று இரண்டாவது பொத்தானை வைத்தவள் பரஸ்தூதான். நல்ல எண்ணத்தில் வைத்தாள்.

முதல் நாள் வகுப்பில் முதல் பெயர் ஒரு இளம் ஆசிரியைக்கு விழுந்தது. அவள் தன் முறையைக் கணக்கு ஆசிரியர் மொயினிக்கு விட்டுக்கொடுத்தாள். மொயினி, ஊரில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர், "இளைஞர்கள் முன்னே வரவேண்டும்" என்று எழுதி அவளுக்கே திருப்பினார். அவள் இலக்கிய ஆசிரியைக்குத் தள்ளினாள். இலக்கிய ஆசிரியை, "உஸ்தாத் மொயினி இருக்கும் சபையில் நான் வாய் திறப்பதா?" என்றார். மறுபடியும் மொயினி. மொயினி வேதியியலுக்கு, வேதியியல் புவியியலுக்கு, புவியியல் மறுபடியும் மொயினிக்கு. ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் வகுப்பில் இருந்த அத்தனை பேரின் கைபேசிக்கும் தகவல் போகும்படி பரஸ்தூ எழுதியிருந்தாள். ஊர் முழுக்கக் கைபேசிகள் கிணுகிணுத்தன. கடைசியில் சர்வர் மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

ஒருவர்கூட ஒரு வரி பாடம் நடத்தவில்லை. ஆனால் வகுப்பு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு எல்லோரும் "மிக அருமை" என்றே போட்டிருந்தார்கள். "இவ்வளவு பண்பான வகுப்பில் நான் கலந்துகொண்டதே இல்லை" என்று மொயினி தனியாக வேறு எழுதியிருந்தார்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"இது என்ன வகுப்பா, கல்யாணப் பந்தியா?"

"டாக்டர், பிளகின்ல தப்பு இல்ல," என்றான் ஃபர்ஷித். "நான் நல்லா சோதிச்சேன். எழுதினபடிதான் ஓடுது."

"அதுதான்ப்பா தப்பு. அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறிங்க."

பிடுங்கி எறிந்தார்கள். அடுத்த வகுப்பில் முதல் பெயர் விழுந்தது, அந்த ஆசிரியையின் இணைப்பு போயிற்று. அடுத்த பெயர், அவருக்கும் இணைப்பு போயிற்று. மூத்தவர்களுக்கு முன்னால் வாய் திறப்பதைவிட வயரைப் பிடுங்குவது மேல் என்று ஆசிரியர்கள் தீர்மானித்துவிட்டார்கள். வேதியியல் ஆசிரியர் நிலையத்தின் கணினி அறையிலேயே, சர்வருக்கு இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்து வகுப்பில் கலந்துகொண்டவர். அவர் பெயர் வந்ததும் அவர் இணைப்பும் போயிற்று.

"இவருக்கு எந்த வயர் அறுந்துதாம்?" என்றாள் பரஸ்தூ.

"மான வயர்," என்றான் ஃபர்ஷித்.

சிரித்தாளே தவிர, பரஸ்தூவுக்கு உள்ளுக்குள் எரிந்தது. தன் கையால் செய்த ஒரு சாமான் ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. இந்த லட்சணத்தில் அந்த நாற்காலியை யார் மறுபடி நீட்டப் போகிறார்கள்?

வழி பிறந்தது ஒரு இனிப்புப் பெட்டியில். சம்பளக் கணக்குப் பிரிவுக்காரர் மகளுக்கு நிச்சயம் ஆயிற்றென்று ஒரு பெட்டி கொத்தாப் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாதாம் பூரணம் அடைத்து, சர்க்கரைத்தூளில் புரட்டிய உருண்டைகள். காலையிலிருந்து பெட்டி மூடியபடியே கிடந்தது. யார் முதலில் திறப்பது என்ற பிரச்சினைதான். மதியத்துக்கு மேல் ஃபர்ஷித் திறந்தான்.

"எடு, பரஸ்தூ."

"நீ எடு. பசிக்கலை எனக்கு."

"பொய் சொல்லாதே. எடு."

"முதல்ல நீ எடுத்தாத்தான் நான்."

"நீ எடுக்கலன்னா நானும் தொடமாட்டேன், பெட்டியை மூடிடுவேன். எடுன்னா எடு."

எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எத்தனை தடவை சொன்னே?"

"என்னது?"

"எடு எடுன்னு. எத்தனை தடவை சொன்னே?"

"இதுக்கெல்லாமா கணக்குப் பாப்பாங்க? சாப்பிடு, நாளைக்குள்ள காஞ்சு போயிடும்."

அவள் சாப்பிடவில்லை. சர்க்கரை ஒட்டிய விரல்களோடு விசைப்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். ஃபர்ஷித் தலையில் அடித்துக்கொண்டு ஈரத்துணி எடுக்கப் போனான்.

விஷயம் இவ்வளவுதான். தாரோஃபை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அந்த முடிவு எங்கே என்று நம் எல்லோருக்கும் தெரியும், இயந்திரத்துக்குத்தான் தெரியாது. விட்டுக்கொடுக்கும் பொத்தானைத் திரும்ப வைத்தாள். ஒருவரிடம் முறை முதல் தடவை வந்தால் மறுக்கலாம், இரண்டாவது தடவை வந்தாலும் மறுக்கலாம். அதே ஆளிடம் மூன்றாவது தடவை வந்தால் அந்தப் பொத்தான் மங்கிப்போகும், அழுத்தினாலும் அசையாது. கூடவே ஒரு செய்தி வரும்.

செய்திக்கு அவள் முதலில் எழுதிய வாசகம் "இனி மறுக்க முடியாது" என்பது. ஃபர்ஷித் பதறிப்போனான்.

"இது என்ன, போலீஸ் ஸ்டேஷனா? கெஞ்சற மாதிரி இருக்கணும். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரி தட்டுல இன்னொரு கரண்டி போடுவாளே, அந்த மாதிரி."

கடைசியில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: "பெருமதிப்பிற்குரியீர், மூன்றாவது தடவையாக உங்களிடமே வந்திருக்கிறோம். இனியும் மறுத்தால் எங்கள் மனம் நோகும். பேசியருள வேண்டும்."

அடுத்த வகுப்பில் முறை வழக்கம்போல் மொயினியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது தடவை வந்து நின்றது. திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "என்ன செய்ய, மெஷின் கேக்கமாட்டேங்குதே. பெரியவங்க மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தவர், பின்னத்தைப் பற்றிப் பேசினார், தசமத்தைப் பற்றிப் பேசினார், தம்பூரா போலப் பேசிக்கொண்டே இருந்தார். அவரை நிறுத்துவதற்கு இன்னொரு பிளகின் எழுத வேண்டியிருந்தது. அவருக்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். அடக்கமில்லாதவர் என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது, இயந்திரம் அல்லவா வற்புறுத்தியது? வெட்கம் முழுவதையும் அது தன் தலையில் போட்டுக்கொண்டது.

செய்தி பரவியது. கெர்மான், ஷீராஸ் என்று மற்ற ஊர்க் கல்லூரிகளும் கேட்க ஆரம்பித்தன. டாக்டர் பூரித்துப்போனார். செவ்வாய்க்கிழமை அவர்களையெல்லாம் அழைத்து, மண்டபத்தில் வைத்து நோபத்தை ஓட்டிக் காட்டப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகிற போக்கில் அந்தக் குண்டையும் போட்டார்.

"சனிக்கிழமைலேர்ந்து பிளகின் பிரிவுக்குத் தெஹ்ரான்லேர்ந்து ஒருத்தர் தலைவரா வர்றார். நல்ல அனுபவசாலி. நீங்க ரெண்டு பேரும்தான் வேண்டாம்னுட்டீங்களே."

பரஸ்தூ வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது, "உங்க கை வலிக்காம இருக்கணும் டாக்டர், ரொம்ப நல்ல ஏற்பாடு" என்ற சம்பிரதாய நன்றிதான். தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

டாக்டர் போனதும் ஃபர்ஷித் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது போய்க் கேட்டு வாங்கிக்கயேன்."

"சேச்சே. நீ வாங்கிக்கோ. உனக்குத்தான் பொருத்தம்."

"எனக்கென்ன பொருத்தம், நீதான் எல்லாத்தையும் சோதிச்சே."

"எழுதினது நீ."

உனக்கு நிஜமாகவே ஆசையா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் ஆமாம் என்றுவிட்டால் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், இல்லை என்றாலும் நம்ப முடியாது. கேட்காமல் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் நீங்கள் முன்னே, நீங்கள் முன்னே என்று நடந்த தாரோஃபில் நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கியது. நோபத் பெரிய திரையில் அழகாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். கெர்மான் கல்லூரி முதல்வர் அஃப்ஸர் ஹானும், பருமனான, குரல் பெரிதான அம்மாள், முன்வரிசையிலிருந்து கேட்டார்:

"டாக்டர், எங்களுக்கு வேற ஏதாவது எழுதணும்னா யார்கிட்ட பேசணும்? இந்தப் பிரிவுக்கு யார் தலைவர்?"

"சனிக்கிழமை தெஹ்ரான்லேர்ந்து வர்றார்."

"எதுக்குத் தெஹ்ரான்? இதைச் செஞ்ச பிள்ளைங்க ரெண்டும் இங்கதானே உக்காந்திருக்கு?"

"ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்க."

அஃப்ஸர் ஹானும் முகத்தைச் சுருக்கினார். "எத்தனை தடவை கேட்டீங்க?"

"எத்தனை தடவைன்னா? ஒரு தடவை கேட்டேன், வேண்டாம்னாங்க."

"ஒரு தடவையா!" அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். "கேட்டீங்களா கதையை? மணமேடையில உக்காந்திருக்கற கல்யாணப் பொண்ணே மூணு தடவை கேட்டாத்தான் சம்மதம்னு சொல்லுவா. இவர் ஒரு தடவை கேட்டுட்டு, பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு எழுந்து வந்திருக்கார்!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. டாக்டர் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்தார். ஜெர்மனியில் மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது போலிருக்கிறது.

"உங்க மெஷின்தான் இருக்கே," என்றார் அஃப்ஸர் ஹானும். "ரெண்டு பேர் பேரையும் போடுங்க. அதுவே கேக்கட்டும்."

போட்டார்கள். பெரிய திரையில் இரண்டே பெயர்கள். இரண்டே பேர் என்றால் சீட்டுக் குலுக்கல் கிடையாது, பாரசீக அகரவரிசைதான். பரஸ்தூ முதலில், ஃபர்ஷித் அடுத்து. அவரவர் மடிக்கணினியோடு மேடையின் இரு கோடியில் உட்கார்ந்தார்கள்.

பரஸ்தூவின் திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன. "விட்டுக்கொடுக்கிறேன்" என்பதை அழுத்தினாள். மண்டபம் "ஆஹா" என்றது. முறை ஃபர்ஷித்திடம் போனது. அவன் நெஞ்சில் கை வைத்து, தலை சாய்த்து, அவளுக்கே திருப்பிவிட்டான். மறுபடியும் "ஆஹா". இரண்டாவது தடவையாக அவளிடம் வந்தது.

அழுத்தப் போனவளுக்கு அப்போதுதான் கணக்கு உறைத்தது. இப்போது மறுத்தால் அவனிடம் இரண்டாவது தடவை போகும். அவன் மரியாதைக்காரன், நிச்சயம் மறுப்பான். பிறகு அவளிடம் மூன்றாவது தடவை வரும், பொத்தான் மங்கிப்போகும், மனம் நோகும் என்று இயந்திரம் கெஞ்சும், அவள் என்ன செய்வேன் என்று கையை விரிக்கலாம். நாற்காலி அவளுடையது. பண்புக்கும் பங்கமில்லை. தன் பெயர் ஃபர்ஷித் பெயருக்கு முன்னால் வருவதற்காக, அதை வைத்த அப்பாவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மண்டபமே சிரித்த முகத்தோடு அவளுடைய அடுத்த மறுப்புக்காகக் காத்திருந்தது. அவளுக்குத் திடீரென்று எரிச்சல் வந்தது. நாளைக்கு ஒவ்வொருவரும் என்ன சொல்வார்கள்? பாவம், வேண்டாம் வேண்டாம் என்றாள், மெஷின் தலையில் கட்டிவிட்டது என்பார்கள். அவள் ஏதாவது முடிவெடுத்தால், "உங்களுக்கே இஷ்டமில்லாத வேலைதானே ஹானும்" என்பார்கள். ஆறு வருடம் ஆசைப்பட்ட ஒன்றை, பசியில்லை என்று சொல்லி வாங்கித் தின்ன வேண்டுமா? மற்றவர்கள் வெட்கத்தைச் சுமப்பதற்காக இயந்திரம் செய்தாள், சரி. தன் ஆசையையும் அதுவா சுமக்க வேண்டும்?

விரலை நகர்த்தி மற்ற பொத்தானை அழுத்தினாள். "பேசுகிறேன்" என்பது பெரிய திரையில் பச்சையாக ஒளிர்ந்தது.

இந்தத் தடவை "ஆஹா" வரவில்லை. பேசுகிறேன் என்று அழுத்தியாயிற்று, பேச வேண்டுமே. பரஸ்தூ எழுந்து நின்றாள்.

"எனக்கு வேணும்," என்றாள். குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டது. "அந்த வேலை எனக்கு வேணும். முதல்லேர்ந்தே வேணும். நல்லாச் செய்வேன்."

இப்படி ஒரு வாக்கியத்துக்குத் திருப்பிச் சொல்ல எங்கள் ஊரில் தயாராக ஒரு பதிலும் கிடையாது. அப்போது முன்வரிசையிலிருந்து அஃப்ஸர் ஹானும் உள்ளங்கையை வாய்க்கு மேல் வைத்து, கல்யாண வீட்டில் பெண் சம்மதம் சொன்னதும் இடுவதுபோல, நீளமாக ஒரு குலவையிட்டார். மண்டபம் வெடித்துச் சிரித்தது, கைதட்டியது. டாக்டர் தெஹ்ரானுக்குப் போன் போட வெளியே போனார். போகும்போது பரஸ்தூவிடம் குனிந்து, "நிஜமாத்தானே? இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமா?" என்றார். வேண்டாம் என்றாள். இந்தத் தடவை அந்த வேண்டாமை அவர் நம்பியது சரிதான்.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் தங்கள் அறைக்கு வந்தார்கள். பரஸ்தூவுக்கு ஃபர்ஷித் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ," என்றாள். "பொறுத்திருந்தா மரியாதையா முடிஞ்சிருக்கும். நீ மறுத்திருப்பே, எனக்கே வந்திருக்கும். அநாவசியமா உன்னையும் சங்கடப்படுத்திட்டேன்."

ஃபர்ஷித் நாற்காலியில் சாய்ந்தான்.

"யார் சொன்னது நான் மறுத்திருப்பேன்னு?"

"என்ன?"

"எனக்கும் கணக்குத் தெரியும், அம்மா. சோதிச்சது யாரு? மூணாவதுல பூட்டு விழும், அது உன் மேலதான் விழும்னு உன் பேரு முதல்ல வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது தடவை என்கிட்ட வந்த உடனே, 'பேசுகிறேன்'னு ஒரே அமுக்கா அமுக்கிடலாம்னு விரலை அது மேலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ மட்டும் இன்னொரு தடவை பண்பாடு காட்டியிருந்தா, இப்ப நீ எனக்குத் தேநீர் ஊத்திக்கிட்டு இருப்பே."

பரஸ்தூ அவனையே உற்றுப் பார்த்தாள். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"நிஜமாவா சொல்றே?"

"தாரோஃப்னு வெச்சுக்கோயேன்," என்றான்.

அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் பிடுங்க முடியவில்லை. அவள் தேநீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். விருந்தாளிகளுக்கு வாங்கியதில் மிஞ்சிய கொத்தாப் பெட்டி மேசையில் மூடியபடி இருந்தது. ஃபர்ஷித் யாரையும் கேட்காமல் அதைத் திறந்து, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.